நீலமூடி அண்ணாச்சியும் பதினொரு தேங்காயும்

லாரியின் முகத்தைப் பார்க்காமல் முதுகை மட்டுமே பார்த்து வாழ்ந்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தத் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான். மற்ற டிரைவர்கள் எல்லாம் வண்டியின் முன்பக்கத்துக்கு மாலை போடுவார்கள், எலுமிச்சம்பழம் கட்டுவார்கள், கண்ணாடிக்கு மேல் சாமி பெயர் எழுதுவார்கள். நீலமூடி அண்ணாச்சி காலையில் வந்ததும் நேராகப் பின்னால் போவார். குனிவார். சைலன்சருக்குள் சொந்தக்காரர் யாரோ குடியிருப்பதுபோல எட்டிப் பார்ப்பார். திருப்தியானால்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறுவார்.

நான் அப்போது ஆரியசாலையில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க். ஆபீஸ் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவர் தெரியாத அளவுக்குச் சாமி படங்கள், நடுவில் முதலாளி. முதலாளிக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். ஸ்டேப்ளர் புதிதாக வாங்கினாலும் பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் பின் அடிப்பார்.

அண்ணாச்சிக்குச் சொந்தப் பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். லைசென்சில்கூட இருந்திருக்கும். ஆனால் புது லாரி வந்த அன்றிலிருந்து அவர் நீலமூடிதான். புது மாடல் வண்டிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு டேங்க் இருக்கும். அதற்கு நீல நிற மூடி. அதில் ஊற்றுவது யூரியாக் கரைசல். அதைப் பற்றிப் படித்துக்கொள்ளக் கம்பெனிக்காரர்கள் அண்ணாச்சியை ஒரே ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் செய்த பெரிய தவறு அது. காலையில் டிரைவராகப் போனவர் சாயங்காலம் பேராசிரியராகத் திரும்பி வந்தார். தலையில் அவர்கள் கொடுத்த தொப்பி வேறு.

அதற்குப் பிறகு ஆரியசாலையில் யாரும் நிம்மதியாக ஒரு டீ குடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"கேட்டியா தங்கச்சி, எஞ்சினுக்குள்ள என்ன சூடு! அந்தச் சூட்டுல காத்துல சும்மா கெடக்குற நைட்ரஜன் ஓடிப்போயி ஆக்சிஜனக் கெட்டிக்கிடுது. வேண்டாத கல்யாணம். அந்தச் சோடி வெளிய வந்தா ஊருக்கே நெஞ்சு எரிச்சல். அப்ப நம்ம யூரியா என்ன செய்யுதுங்க? புகை வார வழியில பொய்ங்குனு பீச்சி அடிக்கி. சூட்டுல அது அமோனியாவா மாறுது. அமோனியா உள்ள பூந்து அந்தக் கல்யாணத்தப் பிரிச்சு விட்டுருது. நைட்ரஜன் அதும் வீட்டுக்குப் போயிரும். மிச்சம் வெறும் நீராவி. வெளிய வாரது நல்ல காத்து!"

"அப்போ பிரிச்சு விடுறது பாவம் இல்லையா அண்ணாச்சி?"

"இந்தக் கல்யாணத்தப் பிரிச்சா புண்ணியம்."

டீக்கடை சசி சேட்டனுக்கு யூரியா என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பு. ஒருநாள் அண்ணாச்சியை மடக்கினார். "அண்ணாச்சி, யூரியான்னா மூத்திரத்துல உள்ள சாதனம்தானே? பைசா கொடுத்து எதுக்கு வாங்கணும்? வண்டியை இவிடே நிறுத்து, நாங்க நாலு பேர் நின்னு டேங்க் நிறைச்சுத் தரோம்."

கடையே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவருக்கு இந்த விஷயத்தில் கேலி என்ற ஒன்றே கிடையாது. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சேட்டா, ஒம்ம மூத்திரத்துல உப்பு கெடக்கு, சர்க்கரை கெடக்கு, நேத்து அடிச்ச பிராந்தி கெடக்கு. அது உள்ள போனா பீச்சுற குழாய் அடச்சிரும், புகையச் சுத்தம் பண்ணுத கேட்டலிஸ்ட் செத்துப்போகும். இந்த வண்டிக்கு வேண்டியது சுத்தமான யூரியா, சுத்தமான தண்ணி. மனுசனால ஆகாது." அன்றிலிருந்து சர்க்கரை வியாதிக்காரரான சசி சேட்டன் அவரிடம் வாய் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

சுத்தம் விஷயத்தில் அண்ணாச்சி படுத்திய பாட்டை நான் நேரில் அனுபவித்தவள். யூரியா ஊற்றுவதற்கென்று அவர் தனியாக ஒரு புனல் வைத்திருந்தார். அதை ஆபீசில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், பாலிதீன் கவர் போட்டு மாட்டியிருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியின் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேறு ஒன்றும் கிடைக்காமல் நான் அந்தப் புனலை எடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் பைப்பில் கழுவித் துடைத்து மாட்டியும் வைத்தேன். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியாது. முகர்ந்து பார்த்திருப்பார். ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. புதுப் புனல் வாங்கி மாட்டினார். பழையதன் மேல் 'தீட்டு' என்று மார்க்கரில் எழுதி என் மேஜைக்கு நேர் எதிரே தொங்கவிட்டார். பத்தாம் நாள்தான் வாய் திறந்தார்.

"எண்ணெய்கூடப் போட்டும் தங்கச்சி. பைப்புத் தண்ணியில கழுவுன பாரு, அதத்தான் தாங்க முடியல. அதுல சுண்ணாம்பு இருக்கு."

"நாம அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறோம் அண்ணாச்சி?"

"நம்ம குடிக்கலாம்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூரியாக் கரைசல் கொஞ்சம் சிந்திக் காய்ந்தால் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து நிற்கும். இதை முதலாளி தினமும் பார்த்திருக்கிறார். டிரைவர் அந்த மூடிக்கு விபூதி வைத்துக் கும்பிடுகிறார் என்று தாமாக ஒரு முடிவுக்கு வந்து, காலையில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "தோலுக்கு ஒண்ணும் செய்யாது. விடு, பூசட்டும்" என்றார். அப்போதே அவரைத் தடுத்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அண்ணாச்சியின் கைக்குட்டையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளைவெளேரென்று ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கிப் போய், அதைச் சைலன்சர் வாயில் ஒரு நிமிடம் பிடிப்பார். பிறகு விரித்து எல்லாருக்கும் காட்டுவார். ஒரு பொட்டுக் கரி இருக்காது. அதே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஒருநாள் கிழக்கேகோட்டை சிக்னலில் முன்னால் நின்ற ஒரு டெம்போ கரும்புகை கக்கியது. அண்ணாச்சி பச்சை விளக்கைப் பற்றிக் கவலையே படாமல் இறங்கிப் போய், அதன் பின்னால் கைக்குட்டையைப் பிடித்து, கருத்துப்போன துணியை அந்த டிரைவரின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"தம்பி, இது ஒன் வண்டிக்க ஜாதகம். பாத்துக்கோ."

பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக் கிழித்தன. போலீஸ்காரர் ஓடி வந்தார். அண்ணாச்சி அவருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன், கள்ளக் கல்யாணம் என்று ஆரம்பித்தார். போலீஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "பொன்னு சேட்டா, ஒன்னு போயித் தரோ" என்று, தயவுசெய்து போய்விடச் சொல்லிக் கெஞ்சினாராம். இந்த ஊரில் போலீஸ்காரர் ஒருவர் லாரி டிரைவரைக் கும்பிட்டது அன்றைக்குத்தான் நடந்தது.

இத்தனைக்கும் இந்தக் கைக்குட்டை வித்தை எங்களுக்காகச் செய்தது அல்ல. அது மாடியைப் பார்த்துச் செய்தது.

எங்கள் ஆபீசுக்கு எதிர்வீட்டு மாடியில் ஒரு டீச்சர் இருந்தார். அக்கிரகாரத்துக் குடும்பம், எழுபது வயது, தனியாள். வெள்ளை முண்டும் மேலே போடுகிற நேரியதும்தான் உடுப்பார். அவற்றைத் துவைத்து மாடிக் கொடியில் போட்டால், கீழே அண்ணாச்சியின் பழைய லாரி ஸ்டார்ட் ஆகும். அது ஓட்டை உடைசல் வண்டி. ஸ்டார்ட் ஆனால் தெருவே பத்து நிமிடம் காணாமல் போகும். டீச்சர் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு, "டிரைவரே! இது தெருவா, சுடுகாடா?" என்று கத்துவார். இது பல வருட வழக்கு. அதனால் புது லாரி வந்த முதல் நாளே அண்ணாச்சி வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து, விரித்து, மாடியை நோக்கி உயர்த்திக் காட்டினார்.

"பாத்தியளா டீச்சர்! எல்லாம் யூரியா செய்யுத வேல!"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நீர் காட்டறது கரி. கரியைப் பிடிக்கறதுக்கு உம்ம வண்டியில வேற ஃபில்டர் உண்டு. யூரியா கரியைத் தொடறதே இல்லை. அது அடக்கறது நைட்ரஜன் ஆக்சைடை. அது வாயு. கண்ணுக்கும் தெரியாது, துணியிலயும் ஒட்டாது. உம்ம கைக்குட்டை அதைப் பத்தி ஒரு சுக்கும் சொல்லாது. கேட்டீரா?"

அவர் முப்பது வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவர் என்பதை நாங்கள் பிறகுதான் அண்ணாச்சிக்குச் சொன்னோம். "முன்னாலயே சொல்லக்கூடாதா? எட்டுப் பேரு முன்னால ஃபெயிலாக்கிட்டுப் போயிட்டாவ" என்று அன்று முழுக்கப் புலம்பினார். ஆனாலும் கைக்குட்டையை விடவில்லை. தெரிவதையாவது காட்டவேண்டும் அல்லவா என்பது அவர் கட்சி.

டீச்சருக்கு அந்த வருடம் மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. எங்கள் லாரி ஒன்று மாறினால் போதுமா? மற்ற ஆபீசுகளுக்கு வரும் பழைய வண்டிகளும் அதே சந்துக்குள்தான் வந்து புகை விட்டன. டீச்சர் கவுன்சிலரிடம் மனு கொடுத்துவிட்டார்: இந்தச் சந்துக்குள் எந்த லாரியும் வரக்கூடாது. கவுன்சிலரும் தலையாட்டினார்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "லாரி வரப்படாதுன்னா இங்க ஆபீஸ் எதுக்கு? நான் பைபாசுல மச்சான் கூடச் சேந்துக்கிடுவேன். அவன்கிட்ட வண்டியும் இருக்கு, டிரைவரும் இருக்கான். நம்ம லாரிய வித்திர வேண்டியதுதான்."

எனக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கவலை. அண்ணாச்சிக்கு அப்படி ஒரு கவலைகூட மிச்சமில்லை. வண்டியே போய்விடும். அவர் வெளியே போய், நீலமூடியைத் திருகித் திறந்து, திரும்ப மூடிவிட்டு வந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கெஞ்சிக் கூத்தாடியதில் கவுன்சிலர் ஒரு வாய்ப்புத் தந்தார். புதன்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வருவார். டீச்சரும் இறங்கி வருவார். வண்டி சுத்தம் என்று கண்ணால் பார்த்தால் அந்த ஒரு லாரிக்கு மட்டும் அனுமதி. டீச்சர் நிபந்தனை போட்டார்: துணி அவருடையதாக இருக்கும்.

புதன்கிழமை விடிந்ததும் முதலாளி லாரிக்குப் பூஜை போட்டார். பதினொரு தேங்காய். சக்கரத்தின் முன்னால் வரிசையாக வைத்து அரிவாளால் உடைத்து, தண்ணீரை வீணாக்காமல் ஒரு தூக்குவாளியில் பிடித்துக்கொண்டார். நான் குடிப்பதற்கு என்று நினைத்தேன். அண்ணாச்சி டீக்கடையில் இருந்தார். திரும்பி வந்து, விதுராவுக்கு அரிசி மூட்டையோடு கிளம்பிப் போய்விட்டார். பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவதாகக் கணக்கு.

ஒன்பதரைக்கு எனக்கு போன் வந்தது.

"ஏ தங்கச்சி, நீலமூடியில எவன் கை வச்சான்?"

"என்ன அண்ணாச்சி ஆச்சு?"

"வண்டி இழுக்க மாட்டேங்குது. போர்டுல லைட்டு லைட்டா எரியுது, எல்லா லைட்டும். யூரியா சரியில்லைன்னா எஞ்சின் தானா பலத்தக் கொறச்சிரும், தெரியும்லா? எறங்கி மூடியத் தெறந்து பாத்தேன். உள்ள தேங்கா வாசம் வருது, பிள்ளே. தேங்கா!"

நான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் யூரியாவோடு, சாமி படங்களுக்கு நடுவே, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலித் தூக்குவாளி. நான் இருவருக்கும் விஷயத்தைச் சொன்னேன். டேங்கில் அன்றைக்கு யூரியாவும் குறைவாகத்தான் இருந்தது. அடியில் கிடந்ததோடு பதினொரு தேங்காய்த் தண்ணீர் கலந்தால் அந்த வண்டி என்ன செய்யும், பாவம்.

பதினொன்றுக்குக் கவுன்சிலர் வந்துவிட்டார். டீச்சர் துவர்த்து என்கிற வெளுத்த துண்டு ஒன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். தெருவே கூடிவிட்டது. சசி சேட்டன் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். அப்போது சந்துமுனையில் லாரி தலைகாட்டியது. தேர் மாதிரி அசைந்து அசைந்து வந்தது. அதற்கு முன்னால் ஒரு பூனை நடந்து போய்க்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். கவுன்சிலருக்குப் பரம திருப்தி. "கண்டோ, என்ன நிதானம்! ஆள்கள் தாமசிக்குந்ந தெருவென்னு அறியாம் இயாளுக்கு" என்று, ஆட்கள் குடியிருக்கும் தெரு என்று தெரிந்து ஓட்டுவதாகப் பாராட்டினார்.

முதலாளி அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "துணியப் பிடியுங்க, காட்டுங்க, முடியட்டும்" என்றார். அண்ணாச்சி துவர்த்தை வாங்கிச் சைலன்சரில் பிடித்தார். ஒரு நிமிடம். விரித்தார். பால் போல வெள்ளை.

டீச்சர் சொன்னது சரிதான். கரி ஃபில்டருக்கும் யூரியாவுக்கும் சம்பந்தமில்லை. தேங்காய்த் தண்ணீர் என்ன, பாயசமே ஊற்றியிருந்தாலும் அன்றைக்கு அந்தத் துணி வெள்ளையாகத்தான் வந்திருக்கும். கவுன்சிலர் போதும், முடிந்தது என்று கைகளைத் தட்டிக்கொண்டார். "மதி, மதி. வெள்ளை. கழிஞ்ஞு. அனுமதி." முதலாளி மேலே பார்த்துக் கும்பிட்டார். எனக்கும், ஒளிப்பானேன், உள்ளுக்குள் குதியாட்டம்தான். ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம்.

"சார், நில்லுங்க" என்றார் அண்ணாச்சி.

முதலாளி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணாச்சி நகரவில்லை.

"இந்தத் துணி பொய் சொல்லுது சார். வண்டி இன்னைக்கு சுத்தமில்ல. யூரியா டேங்குல வேற தண்ணி விழுந்துட்டு. பீச்சுறது நின்னு போச்சு. இப்ப வாரது முழுக்க விசம். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்." பிறகு டீச்சரைப் பார்த்தார். "டீச்சர், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஒங்களுக்கு ஆகாது."

ஓடிப்போய் எஞ்சினை அணைத்தார். பைத்தியக்கார மனுசா என்று நான் மனதுக்குள் திட்டினேன். அடுத்த நிமிடமே எனக்கு வெட்கமாக இருந்தது.

"யார் ஊத்தினா?" டீச்சர் கேட்டார்.

அண்ணாச்சி முதலாளி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. "எவனோ ஊத்திட்டான். வண்டியப் பாத்துக்க வேண்டியது நான்தானே. தப்பு எனக்கு."

அதற்குமேல் முதலாளியால் தாங்க முடியவில்லை. நல்ல மனிதர்தான். "நான்தாம்மா ஊத்தினேன்" என்று முன்னால் வந்தார். "எப்பப் பாத்தாலும் சூடு, சூடுன்னு சொல்லுதாரு. யூரியாவும் உஷ்ணம்லா. தேங்காத் தண்ணி குளிர்ச்சியாச்சே, பிரசாதமுமாச்சு, விபூதி வச்ச மூடிக்குள்ள போனா வண்டிக்கும் நல்லதுன்னுட்டு…"

டீச்சர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். அண்ணாச்சி பயந்துபோய்ச் சசி சேட்டனின் பெஞ்சை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். மூச்சு சரியானதும் டீச்சர் கவுன்சிலரிடம் சொன்னார்:

"முப்பது வருஷம் லேபிலே பிராக்டிகல் எடுத்திருக்கேன். ரீடிங் தப்பா வந்தா எல்லாக் குட்டிகளும் பக்கத்துக் குட்டியோடதைப் பார்த்துச் சரியா எழுதிக் கொண்டு வரும். தப்பான ரீடிங்கைத் தப்புன்னு சொல்லிண்டு வந்தது ஒண்ணோ ரெண்டோதான். இந்த வண்டி ஒர்க்ஷாப் போயி டேங்கைக் கழுவிட்டு வரட்டும். அப்புறம் இதுமட்டும் வரலாம். ஆனா இவர் ஓட்டினாத்தான். வேற யார் ஓட்டிண்டு வந்தாலும் நான் மனு கொடுப்பேன்."

டேங்க், பம்ப், பீச்சுகிற முனை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ ஒர்க்ஷாப்காரர்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. தேங்காய்த் தண்ணீர் என்று கேட்டதும் அங்கே ஒரு மெக்கானிக் தரையில் உட்கார்ந்து சிரித்தானாம். மற்ற லாரிகள் அதன் பிறகு பெரிய ரோட்டிலேயே நின்றன. முதலாளியால் வண்டியை விற்கவும் முடியவில்லை, அண்ணாச்சியை மாற்றவும் முடியவில்லை. டீச்சர் மாடியிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி திரும்பி வந்த அன்று அண்ணாச்சி வழக்கம்போலக் கைக்குட்டையைத் தேடினார். காணவில்லை. புதன்கிழமைக் களேபரத்தில் எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்தோம். மறுநாள் காலையில் அது டீச்சரின் கொடியில், முண்டுக்கும் நேரியதுக்கும் நடுவில், கஞ்சி போட்டு விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே லாரி. "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். "கெடக்கட்டும், கெடக்கட்டும், நல்லா உணங்கிக் காயட்டும்" என்றார். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது. ஒரு பொட்டுக் கரி விழவில்லை. அந்த ஒரு வாரமும் அவர் முகத்தைத் துடைக்கச் சட்டைக்கையைத்தான் உபயோகித்தார்.

நான் அந்த வேலையை விட்டு எழுத வந்துவிட்டேன். அண்ணாச்சி இன்னும் ஓட்டுகிறார். போன மாதம் பழவங்காடி சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றேன். முன்னால் ஒரு லாரி, அதன் பக்கவாட்டில் நீல மூடி, மூடியைச் சுற்றி முதலாளியின் விபூதி. சுற்றி நின்ற ஸ்கூட்டர்காரர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். நான் துப்பட்டாவை மூக்கிலிருந்து இறக்கிவிட்டு, பச்சை விளக்கு விழும்வரை அவருக்குப் பின்னால் நன்றாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன்.